தாய்மாமன் இல்லாத பட்டியல்

எங்கள் இ-சேவை மையக் கூடத்தில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அவள் 'அமுக்குங்க அக்கா'. அரசாங்க வெப்சைட்டில் எதை எங்கே தேடுவது, எப்படிப் பதிவு செய்வது என்று வருகிறவர்களுக்குக் காட்டிக்கொடுப்பது அவள் வேலை. "அதை அமுக்குங்க... இல்ல, அதுக்குப் பக்கத்துல... ஆங், அமுக்குங்க" என்று காலையில் ஆரம்பித்தால் கதவை அடைக்கும் வரை அதே பாட்டுதான். நான் சுருக்கமாக 'அமுக்கு' என்பேன். என் ஜெராக்ஸ் மிஷின் அவள் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. அவள் முதுகையும், வருகிறவர்களின் முகத்தையும் பார்த்தபடியே என் பொழுது போகிறது.

நல்லவள்தான். ஆனால் என் உயிரை வாங்குவாள். காரணம், அவள் மவுஸைத் தொடவே மாட்டாள். வந்தவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் வழி சொல்வாள். ஒன்றாவது மேசைக்காரர் படபடவென்று தட்டி நாலைந்து பேரை அனுப்பியிருப்பார். இவள் முன்னால் ஒரு பெரியவர் மவுஸைத் தூக்கி, டிவி ரிமோட் மாதிரி திரைக்கு நேராக நீட்டிக்கொண்டிருப்பார். வரிசை முணுமுணுக்கும். பாதி முணுமுணுப்பு என் காதில்தான் விழும்.

"தாயே, நீயே தட்டி விட்டுத் தொலையேன். கையில என்ன சுளுக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சுளுக்கெல்லாம் இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் எனக்கு எல்லாத்தையும் அவரே போட்டுக் குடுப்பார். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலின்னு அன்பாத்தான் சொல்வார். ஒருநாள் வேற ஒருத்தியைப் பார்த்துக்கிட்டுப் போயிட்டார். என் பேர்ல இருக்கிற எதையும் எனக்குத் திறக்கத் தெரியல. என்னோட பாஸ்வேர்டு என்னன்னு அவருக்கே போன் பண்ணிக் கேட்டேன்க்கா. அந்த அசிங்கம் வேற யாருக்கும் வேணாம்."

அதற்கப்புறம்தான் அவள் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தாள். மாமியார் மகனோடு போகாமல் இவளோடுதான் இருக்கிறார். இரண்டு பேரும் தினம் சண்டை போட்டுக்கொள்வார்கள், ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக ஒட்டிக்கொண்டும் இருப்பார்கள். அந்தக் கதையைக் கேட்ட பிறகு நான் முனகுவேனே தவிர, அவளிடம் மவுஸ் பேச்சை எடுப்பதில்லை. ஒரே ஒரு நாள் எடுத்தேன். அது கொத்தனார் வந்த அன்று.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். விரல் இடுக்கெல்லாம் சிமென்ட் வெளுத்திருந்தது. உட்காரும்போதே சண்டைக்கு நின்றார்.

"ஏம்மா, மனுசன் எத்தனை தடவைதான் எழுதிப் போடறது? ஒரு பதில் கிடையாதா?"

"எதுக்கு எழுதிப் போட்டீங்கண்ணா? ஆற அமரச் சொல்லுங்க."

சொன்னார். அவர் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தபோது தங்கை காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கையின் புருஷன் குழந்தை பிறக்கும் முன்பே கம்பி நீட்டியவன். இவர் செய்தி கிடைத்து ஓடி வருவதற்குள், தங்கையின் சின்னப் பெண்ணை அரசாங்கக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். இல்லத்து வாசலில் போய் நின்றால், 'உறவுக்காரர் யாராக இருந்தாலும் முதலில் வெப்சைட்டில் பதிவு செய்யவேண்டும், அதுவரை பார்க்கவும் பேசவும் விடமாட்டோம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்கிற பெயின்டரின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அன்றிலிருந்து வாராவாரம் பிள்ளையைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

"எந்த இடத்துல எழுதினீங்க, காட்டுங்க" என்று மவுஸை அவர் கையில் கொடுத்தாள் அமுக்கு.

பக்கம் கீழே கீழே ஓடி அடியில் போய் நின்றது. அங்கே ஒரு பெட்டி. 'இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியாக இருந்ததா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.'

"இதுலதான்மா. எழுதுங்கன்னு கேட்குது இல்ல? எழுதி அமுக்கினா, 'நன்றி, பெறப்பட்டது'ன்னு வரும்."

நான் ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டேன். இது எங்களுக்குப் புதிதல்ல. அந்த வெப்சைட்டில் ஜனங்களைப் பார்த்து 'எழுதுங்கள்' என்று மரியாதையாகக் கேட்பது அந்த ஒரு பெட்டிதான். அதனால் ஊர்க் கஷ்டமெல்லாம் அதில்தான் போய் விழுகிறது. ஒரு அம்மா குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிவிட்டு, 'உங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா' என்றும் விசாரித்திருந்தார். அதை யார் படிக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது.

"அண்ணா, இது விண்ணப்பம் போடற இடம் இல்ல. இந்தப் பக்கம் நல்லா இருக்கா இல்லையான்னு கேட்கிற இடம். நீங்க எழுதினது அந்த இல்லத்துக்குப் போகவே இல்ல."

மனிதருக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அப்ப நான் இன்னும் கேட்கவே இல்லையா?" என்றார்.

அவள் பக்கத்தை மேலே ஏற்றச் சொன்னாள். நடுவில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் கெடு போட்டிருந்தது. குழந்தை சேர்க்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் உறவினர் பதிவு செய்யாவிட்டால், பெயர் தத்துக் கொடுக்கும் பட்டியலுக்குப் போய்விடும். பாப்பாவை என்றைக்குச் சேர்த்தார்கள் என்று கேட்டாள். அவர் சொன்ன தேதியைச் சுவர்க் காலண்டரில் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. போட்டுடலாம், பயப்படாதீங்க."

அவருக்குப் பயமோ இல்லையோ, எனக்குப் பயம். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. "இன்னும் என்னடி வேடிக்கை பார்க்கிற? மவுஸைப் பிடுங்கித் தட்டுடி!" என்று கத்தினேன்.

"அண்ணாவே போடுவார்க்கா. இதுக்கப்புறமும் மெசேஜ் வரும், கேள்வி கேட்பாங்க. தினமும் நானா கூடப் போகப்போறேன்? அவர்தான் திறந்து பதில் சொல்லணும்." பாவி, அப்போதும் அவள் கை மடியை விட்டு எழவில்லை.

செங்கல்லைப் பிடிக்கிற கை மவுஸை நசுக்கிவிடும்போல் இருந்தது. அவருடைய பட்டன் போனில் வந்த ஓடிபியைப் படித்துப் போடுவதற்குள் அது காலாவதியாகி, இன்னொன்று வாங்கினோம். அவர் பெயர் ஏறியது, முகவரி ஏறியது. என் மிஷின் முன்னால் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள், நானும் பதிலுக்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் வந்தது, 'குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு?' என்ற கேள்வி. தொட்டால் ஒரு பட்டியல் விரிந்தது. தந்தை, தாய், உடன்பிறந்தவர், தாத்தா, பாட்டி, மற்றவர். அவர் மேலும் கீழும் தேடினார்.

"தாய்மாமன் எங்கம்மா?"

"அது இதுல இல்லண்ணா. 'மற்றவர்'னு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மாட்டேன்."

"ஐயோ, மணியைப் பாருங்கய்யா! அமுக்கித் தொலைங்க!" என்றேன் நான்.

"நான் எப்படிம்மா மத்தவன் ஆவேன்? அவ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில முதல்ல வாங்கினது இந்தக் கைதான். மாமா மாமான்னுதான் அதுக்குப் பேச்சே வந்துச்சு. மத்தவன்னு நானே என் கையால போட்டா, என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஒன்றாவது மேசைக்குப் போயிருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் 'மற்றவர்' விழுந்திருக்கும், இவருக்குத் தெரிந்துகூட இருக்காது. இங்கே மவுஸ் அவரிடம் இருந்தது, அவர் அசையவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அமுக்கு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க மத்தவர் இல்லண்ணா. இந்தப் பட்டியலைப் போட்டவங்களுக்கு மாமன் அருமை தெரியல, விடுங்க. ஆனா அதை அமுக்கினாத்தான் கீழ 'விளக்கம்'னு ஒரு பெட்டி திறக்கும். நிறைய பேர் அதைக் காலியா விட்டுடறாங்க. காலியா விட்டா யாரோ வெளியாள்னுதான் எடுத்துக்குவாங்க. நீங்க விடாதீங்க. இவ்வளவு நாளா அங்க எழுதினதை இங்க எழுதுங்க."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அமுக்கினார். பெட்டி திறந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். 'நான் தாய்மாமன். முதலில் தூக்கியவன் நான். என் தங்கச்சி பிள்ளையை என்னிடம் கொடுங்கள்.' வரிசையில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. எல்லாரும் அந்த விரலையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிப் பொத்தானை அமுக்கினார். 'நன்றி. உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது, கீழே ஒரு எண்ணும் வந்தது. நான் கையைத் தட்டிவிட்டேன். வரிசையில் இன்னும் சிலரும் தட்டினார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"போன தடவையும் இதேதாம்மா சொல்லிச்சு" என்றார்.

அமுக்கு மேசை போனை எடுத்து இல்லத்துக்குப் போட்டாள், எண்ணைச் சொன்னாள், ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள்.

"ஆமாங்க... ஆமாங்க, தாய்மாமன்தான்... வந்திருச்சுங்களா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, வந்திருச்சுங்களா?" அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அவளைக் கூட்டிட்டு வராங்களாம்."

அமுக்கு எழுந்து போய், அவருக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று மேலே கடகடத்த மின்விசிறியை நிறுத்தினாள். அவர் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேசியது. சின்னக் குரல் கேட்டதே தவிர, என்ன கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"இல்லடா தங்கம். மாமா மறக்கல. வாராவாரம் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டுதான்டா இருந்தேன்... தப்பான கதவைத் தட்டிட்டேன், அதான் உனக்குக் கேட்கல."