மூன்றாவது இழுப்பு

இது நடந்தது. நடந்த நேரம்கூட நிமிஷம் பிசகாமல், அதைப் படம் பிடித்த இளமாறனின் செல்போனில் இருக்கிறது. பேய் என்றாலே நடுராத்திரிக்கு மேல்தான் வரும் என்று யாரோ அதற்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்த மாதிரி நாம் பேசுகிறோம். இது பட்டப்பகலில். மாசி மாத வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது. முருகவேல் இதை என்னிடம் சொன்ன அன்று, வாங்கிய டீயைக் கையில் வைத்தபடியே ஒரு மணி நேரம் இருந்தான். ஒரு வாய் குடிக்கவில்லை. கதை விடுகிறவன் டீயை ஆற விடமாட்டான். அதனால்தான் நான் நம்பினேன்.

முருகவேலுக்குக் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம். சாமையும் மரவள்ளியும் போட்ட நேரம் போக, அவனுக்கும் தம்பி கருப்பண்ணனுக்கும் கீழே சங்கராபுரம் பக்கத்தில் ஒரு வேலை உண்டு. கிணற்றுக்குள் விழுந்துவிட்ட மோட்டாரை முங்கி எடுப்பது. தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முங்குவான். அண்ணன் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வான். தண்ணீருக்குள்ளிருந்து பேச முடியாதே, அதனால் கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால், இன்னும் கயிறு விடு. இரண்டு என்றால், மோட்டாரைக் கட்டியாச்சு. மூன்று என்றால், என்னைத் தூக்கு. மூன்று வந்துவிட்டால் மேலே இருப்பவன் வேறு எதையும் யோசிக்கக் கூடாது.

போன ஐப்பசியில் கருப்பண்ணன் கடலூருக்குப் போய் ஒரு மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் நடுக்கடலில் படகுக்கு அடியில் சுற்றும் விசிறியில் வலை சிக்கிக்கொண்டது. "இதுக்குப் போயி இன்னா இவ்ளோ யோசன, நான் முங்கி எடுக்கறேன்" என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டான். கிணற்றுக் கயிற்றின் பேச்சு கடல்காரர்களுக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று இழுப்பு வந்தது. கயிறு பத்தவில்லை போலிருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் இன்னும் விட்டார்கள். மறுபடி மூன்று. மறுபடியும் விட்டார்கள். கடைசியில் வெறும் கயிறுதான் வந்தது. நாலு நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

"எங்கையில கயிறு இருந்திருந்தா வுட்டிருப்பனா?" முருகவேல் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். தம்பி பெண்டாட்டி கவியாவோ நாலு மாதமாகப் பொட்டை அழிக்கவில்லை. கருமாதிக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சோறு போடும்போது அவனுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைத்தாள். ஊரில் ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்தார்கள்.

"நீங்களே கடலுக்குப் போய் பாத்துட்டு வாங்க மாமா. ஒரு துண்டுத் துணியாச்சும் கொண்டாந்து காட்டுங்க. அப்புறம் நீங்க சொல்றதக் கேக்கறேன்" என்றாள்.

அதற்காகத்தான் இளமாறனைத் தேடிப் பிடித்தான். கள்ளக்குறிச்சிக்காரன். தண்ணீருக்கடியில் கேமராவை இறக்கி, பெரிய மீன் வந்து இரையைக் கவ்வுவதைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவன். கருப்பண்ணன் காணாமல் போன இடத்துக்குக் கீழே பெரிய பாறைத் திட்டு இருக்கிறது, கன்றுக்குட்டி மாதிரி களவா மீன் அங்கே திரிகிறது என்று கேள்விப்பட்டதும் இளமாறன் கிளம்பிவிட்டான். கருப்பண்ணன் வேலை பார்த்த படகின் சொந்தக்காரர் பச்சமுத்துவிடம் அந்த இடத்தின் ஜிபிஎஸ் குறி இருந்தது. அவருக்குத்தான் அங்கே போக மனசில்லை. முருகவேல் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்துப் போனான்.

காலை 10:40. என்ஜினை நிறுத்தினார்கள். காற்று இல்லை. ஆழம் காட்டும் கருவியில் முப்பத்தாறு மீட்டர். இளமாறன் கையில் தூண்டில், அதில் துடிக்கத் துடிக்க ஒரு உயிர்மீன். கேமரா கட்டிய நைலான் கயிறு முருகவேலின் கையில். கேமராவின் வயர் அந்தக் கயிற்றோடு சுற்றிக்கொண்டு வந்து செல்போனில் செருகியிருந்தது.

10:52. போனில் பச்சைத் தண்ணீர். பாறை. பொடி மீன்கள். அப்புறம், பாறையில் ஒரு துண்டு கழன்று வருவது போல, ஒரு களவா. இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது.

"வா... வா... கவ்வு..." என்றான் இளமாறன்.

அது இரைக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. இரையைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. சட்டென்று திரும்பிப் போய்விட்டது. பொடி மீன்களும் போய்விட்டன. ஒன்றுகூட இல்லை.

10:58. கயிற்றில் ஒரு இழுப்பு.

முருகவேல் யோசிக்கவே இல்லை. கைப்பழக்கம். கயிற்றைக் கொஞ்சம் விட்டான்.

"இன்னாத்துக்கு வுடற? கேமரா தரையில மோதிடும்" என்றான் இளமாறன்.

"அடியில இருந்து கயிறு கேக்குது..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

மறுபடி ஒரு இழுப்பு. விட்டான். மறுபடி ஒன்று. விட்டான். அறுபது மீட்டர்க் கயிறு இறங்கிவிட்டது. அப்போதும் அது தொய்யவில்லை, விறைப்பாகவே நின்றது. பச்சமுத்து கருவியைத் தட்டிப் பார்த்தார். ஆழம் முப்பத்தாறுதான்.

11:09. போனில் அந்தப் பாறைத் திட்டு இல்லை. செங்குத்தாக ஒரு கற்சுவர் தெரிந்தது. மேலிருந்து கீழாக அதில் கோடு கோடாகப் பள்ளம்.

"இது இன்னா பாறை?" என்றான் இளமாறன்.

முருகவேலுக்குத் தெரியும். வெடி வைக்க டிரில் போட்ட தடம். கிணறு வெட்டும்போது விழுகிற தடம்.

சுவரில் ஒரு இரும்புப் படி இருந்தது.

கடலுக்கு அடியில்.

11:13. போன் திரை கறுத்தது. வயர் போய்விட்டது என்று இளமாறன் நினைத்தான். போகவில்லை. ஏதோ ஒன்று கேமராவின் கண்ணாடியை மூடியிருந்தது. இருவரும் குனிந்து உற்றுப் பார்த்தார்கள்.

ரேகைகள்.

உள்ளங்கை.

வெடுக்...

வெடுக்...

வெடுக்.

மூன்று இழுப்பு.

"கருப்பா! தோ தூக்கறேன்டா!"

முருகவேல் இழுத்தான். கனத்தது. மீனாக இருந்தால் அலைபாயும். இது அசையாமல் தொங்கியது. பத்து வருஷம் தம்பியைத் தூக்கிய கை. அந்தக் கனம் அதற்குத் தெரியாதா? அழுதுகொண்டே இழுத்தான். கேமராவை மூடியிருந்த கை விலகியது. போனில் அந்த இரும்புப் படி கீழே நகர்ந்தது. அடுத்த படி வந்தது. அதுவும் கீழே போனது. அடுத்தது...

"எந்தம்பிய்யா! கை குடுங்கய்யா!"

இளமாறன் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிடித்தான்.

11:18. கனம் இரண்டு மடங்கானது.

பிறகு மூன்று மடங்கு. கீழே தம்பியின் காலை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. அவர் காலை இன்னொருவர் பிடித்த மாதிரி.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது.

"கவுந்துடும்! வுடுய்யா!" பச்சமுத்து கத்தினார்.

"மாட்டேன்..."

"மூணு பேரும் போய்டுவோம்! எனக்குப் புள்ளைங்க கீதுய்யா!"

இளமாறன் கையை எடுத்துவிட்டான்.

வெடுக். வெடுக். வெடுக்.

தண்ணீர் முழங்கால் வரைக்கும்.

வெடுக். வெடுக்...

11:20.

முருகவேல் விட்டான்.

கயிறு அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. கயிற்றோடு கேமரா போனது. வயர் அறுந்தது. படகு நிமிர்ந்தது. கடல் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. முருகவேல் குதிக்கப் பார்த்தான். பச்சமுத்து அவனை அமுக்கிப் பிடித்து, அவன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும் வழியில் இளமாறன் போனில் பதிவானதைப் போட்டுப் பார்த்தான். களவா மீன் திரும்பிப் போவது வரை இருந்தது. அதற்குப் பிறகு 11:20 வரை வெறும் பச்சைத் தண்ணீர். சுவர் இல்லை, படி இல்லை, கை இல்லை. அவர்கள் மூவரும் கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டான்.

1:35. கரை நெருங்கிச் சிக்னல் வந்ததும் முருகவேலின் போன் விடாமல் அடித்தது. பதினாலு மிஸ்டு கால். எல்லாம் ஒரே ஆள். சங்கராபுரம் பக்கத்து விவசாயி தெய்வசிகாமணி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடைசியாக மோட்டார் எடுத்துக் கொடுத்தது அவர் கிணற்றில்தான்.

"எங்கய்யா இருக்கற? மோட்டார் போடலாம்னு பதினொன்றரைக்குக் கெணத்தாண்ட போனேன்... உள்ள ஒரு ஆள் மெதக்குது. உன் தம்பி மாதிரி இருக்குதுய்யா."

கடலிலிருந்து அந்தக் கிணறு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு மலையிலிருந்து முதல் பஸ்ஸில் கவியா வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். அவன்தான். நாலு மாதம் தண்ணீரில் கிடந்த உடம்பு மாதிரி இல்லை. அசந்து தூங்குகிறவன் மாதிரி இருந்தான். தன் கையாலேயே நெற்றிப் பொட்டை அழித்தாள். முருகவேல் சுவரோடு சாய்ந்து நின்றான். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

அறுத்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நாலு மாசமா காணோம்னு சொல்றீங்க. ஆனா இவரு செத்தது நேத்துதான். பதினோரு மணியிலேர்ந்து பதினொன்னரைக்குள்ள." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நுரையீரல்ல இருந்தது கெணத்துத் தண்ணி இல்ல. உப்புத் தண்ணி."



"இன்னொன்னு. ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சிருக்கு. புதுக் காயம். எதையோ கெட்டியா புடிச்சிருந்திருக்காரு. அவரா விடல. மேலேர்ந்து அவர இழுத்துக்கிட்டிருந்தது எதுவோ திடீர்னு விட்டுப் போயிருக்கு."

கவியா மெதுவாகத் திரும்பினாள். முருகவேல் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். உள்ளங்கையில் சுற்றியிருந்த துணிக்கட்டில் ரத்தம் ஊறியிருந்தது.

"உங்க கையில இன்னா மாமா?"