அக்காவின் ஞாபக மறதி

என் மகள் பிறந்து பதினோராம் நாள். ஆபரேஷன் தையல் ஆறாமல் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்ட சத்தம் கேட்டது. கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தபோது, வாசல் திரையை விலக்கிக்கொண்டு பக்கத்துப் போர்ஷன் அக்கா உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு பக்கெட். "நீ எதுக்கு எழுந்துக்கிற? படு. உன் டிரம் ரொம்பற வரைக்கும் குழாயை ஒருத்தருக்கும் விட மாட்டேன்" என்றார். சொன்னபடியே நடையாய் நடந்து என் டிரம்மை நிரப்பினார். அதற்குப் பிறகுதான் தன் வீட்டுக்குப் பிடிக்கப் போனார். அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவருடைய பையன் குளிக்காமல், முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள். மறுபக்கம் அக்கா, அவர் கணவர், பையன், மாமனார். என் கணவர் ஒரு சின்ன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் அரிசி மண்டியில் வேலை பார்த்தார். மாதத்தின் கடைசி வாரம் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொண்டோம். இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிய கிரைண்டர் நடையில் இருந்தது. ஒரே மாவில் இரண்டு வீட்டிலும் இட்லி வேகும். செய்தித்தாள் காலையில் எங்கள் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் வீட்டில். கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவின் அண்ணன் கொடுத்தனுப்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை இருவரும் உட்கார்ந்து உரித்து, ஆட்டக் கொடுத்து, எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்வோம். எங்களுக்கு ரேஷன் மண்ணெண்ணெய் மிஞ்சும், அவர்களுக்குச் சர்க்கரை மிஞ்சும், மாற்றிக்கொள்வோம். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் சொந்தக்காரர்கள் எந்த வீட்டுக்கு வந்தாலும் சாம்பார் ஒரே குண்டானில்தான் கொதிக்கும்.

பாதியாக்கிக்கொண்டோம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது பாதி இல்லை. வேலைகளில் முக்கால்வாசியை அக்காதான் செய்தார். மாவரைக்க என் முறை வரும் நாளில் குழந்தை அழுதால், "போ, நான் பார்த்துக்கிறேன்" என்பார். குழந்தை அழாத நாளிலும் அப்படியே ஆகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு வயதானதும் நான் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். அப்படிச் சேர முடிந்ததே அக்கா என் மகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டதால்தான்.

அக்காவும் டீச்சர் டிரெயினிங் முடித்தவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அரசுப் பள்ளி வேலை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கும் மூப்புப்படிதான் வரும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கெடு தவறினால் சேர்த்து வைத்த வருடங்கள் எல்லாம் போய்விடும். புதிதாகப் பதிந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். அக்கா எனக்கு மூன்று வருடம் முன்பே பதிந்தவர். "இன்னா இன்னும் ரெண்டு மூணு வருஷம். ஆர்டர் வந்துடும். அப்ப என் புள்ளைய நீ பார்த்துக்க" என்று மாவை வழித்துக்கொண்டே சொல்வார். பூட்டு உள்ள பீரோ எங்கள் வீட்டில்தான் இருந்தது. அவருடைய சான்றிதழ்கள், பதிவு அட்டை, ஒரு ஜோடி கம்மல் எல்லாம் அதில் என் சாமான்களோடுதான் கிடந்தன.

அந்த வருடம் அக்காவின் மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவரைத் திருப்பிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது என்று அக்காவால் வாசல் வரைகூட வர முடியவில்லை. பதிவைப் புதுப்பிக்கும் மாதம் வந்தது. அலுவலகம் என் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்தது. "நீயே போயிட்டு வந்துடும்மா" என்றார். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளி வாசலில் என் கணவர் மொபெட்டோடு நின்றிருந்தார். வேங்கிக்காலில் மனை ஒன்று வந்திருக்கிறது, தரகர் இப்போதே வரச் சொல்கிறார், ஒரு மணி நேரம்தான் என்றார். போனேன். கல் நட்டிருந்த அந்த வெற்று நிலத்தில் நின்றுகொண்டு, சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது அலுவலகக் கவுன்ட்டர் மூடியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா மாமனாரின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். என் மகள் அவர் பக்கத்தில் சாப்பிட்டு முடித்த வாயோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "ஆச்சா?" என்றார். மனை பார்க்கப் போனேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை. நாளைக்குப் போய்விட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, "ஆச்சுக்கா" என்றேன். "அப்பாடா. பெரிய பாரம் எறங்குச்சு. அட்டை உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அட்டையைத் திரும்பப் பீரோவில் வைத்தேன்.

மறுநாள் பள்ளியில் இன்ஸ்பெக்ஷன். அதற்கு அடுத்த நாள் மகளுக்குக் காய்ச்சல். பிறகு மனைப் பத்திரம், நகை அடகு, கையெழுத்து என்று அலைச்சல். மறந்தே போனேன். அடுத்த மாதம் என்னுடைய அட்டையைப் புதுப்பிக்க எடுக்கப் பீரோவைத் திறந்தபோதுதான், அடியில் அவருடையது கண்ணில் பட்டது. கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு என்னுடையதை எடுத்துக்கொண்டு போய்ப் புதுப்பித்து வந்தேன். ஒன்பது நாள்தானே, ஏதாவது வழி உண்டா என்று அந்தக் கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கேட்காமல் வந்தேன்.

ஒரு வருடம் கழிந்தது. மாமனார் இறந்து காரியமெல்லாம் முடிந்துவிட்டது. அக்காவோடு டிரெயினிங் படித்த, அவருக்குப் பின்னால் பதிந்த ஒருத்திக்கு இன்டர்வியூ கார்டு வந்ததாகச் செய்தி வந்தது. அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என் அட்டையை எடு, பார்க்கலாம்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பினார். "கடைசித் தடவைக்கு சீல் இல்லையே. நீதானே போயிட்டு வந்த?" என்றார்.

அந்தக் கணத்தில் என் வாயிலிருந்து வந்தது இது: "ஆச்சுன்னு சொன்னது என்னோடதைக்கா. மாமனாருக்கு ஒடம்பு தேறட்டும், என் அட்டைக்கு நானே போறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அப்பிடியா சொன்னேன்?"

"சொன்னீங்கக்கா."

முதல் முறை சொன்னது பயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது முறை அப்படி இல்லை. அவர் தடுமாறுவதைப் பார்த்து, தெரிந்தேதான் சொன்னேன். "அந்த நேரத்துல எனக்குத் தூக்கமே கெடையாது. புத்தி எங்க இருந்துச்சோ" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கணவர் கத்தியது முழுவதும் கேட்டது. "ஒரு சீல் வாங்கி வர உனக்கு ஞாபகம் இல்ல. நீ இன்னாத்துக்குப் படிச்ச?" நான் இந்தப் பக்கம் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வேலை போனது ஒரு பக்கம். இன்னொன்றும் போனது, அது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அக்காவுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பால்காரரிடம் சொன்னது, பையனின் பீஸ் தேதி, எல்லாவற்றையும் காலண்டரில் எழுத ஆரம்பித்தார். கடைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். "நான் அடுப்பை நிறுத்தினேனா? கொஞ்சம் பாரேன்" என்று என்னைக் கேட்பார். ஒரு தடவைகூட அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில்லை. "எனக்கு ஞாபக மறதி ஜாஸ்திம்மா" என்று யாரிடம் பேசினாலும் சொல்லிக்கொள்வார். புதிதாகப் பதிந்தார்தான். ஆனால் அதைப் பற்றி அதன் பிறகு பேசவே இல்லை. பையன் பிளஸ் டூ பரீட்சை எழுதிய வருடம், ஹால் டிக்கெட்டை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "என்கிட்ட இருந்தா எங்கயாவது வச்சுட்டு மறந்துடுவேன். நீ வச்சிருந்து காலைல குடு. நீதான் பொறுப்பானவ" என்றார். பரீட்சை முடியும்வரை ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கவரை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்துக்கொண்டு போவேன்.

எனக்கு ஆர்டர் வந்தது. அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளி. முதல் நாள் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது அக்காதான். புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போற" என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். நான்காவது படித்துக்கொண்டிருந்த என் மகளைச் சாயங்காலம் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, நான் வரும்வரை வைத்துக்கொண்டதும் அவர்தான். இரண்டு வருடம் கழித்து வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு போனோம். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாளே வந்து, மறுநாள் வரை சமையல்காரருக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனையை நான் என்றைக்குப் பார்க்கப் போனேன் என்பது அந்த வீட்டில் எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். என் கணவர் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. "இப்ப சொல்லி யாருக்கு லாபம்? விடு" என்றுதான் எப்போதும் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது.

அக்காவின் பையனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் வீட்டாருக்கு விருந்து போட்ட அன்று நானும் போயிருந்தேன். சம்பந்தியம்மாள் தன் வீட்டுச் சாவிக்கொத்தை அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்னார். அக்காவின் கணவர் பந்தியில் இருந்தபடியே சத்தமாகச் சிரித்தார். "அவகிட்டயா குடுக்கிறீங்க? கவர்மென்ட் வேலையையே மறந்தவ அவ!" பந்தி முழுக்கச் சிரித்தது. வந்து நாலு நாளான மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அதே வீடுதான்; நடுச்சுவரை எடுத்துவிட்டு முழுவதையும் அவர்களே வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். இலைகளை உருவிக்கொண்டே, அரைநாள் லீவு, மனை, மூடியிருந்த கவுன்ட்டர், பீரோ, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன்.

அக்காவின் கை நின்றுவிட்டது. கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப நான் மறக்கல?"

"இல்லக்கா."

"நான் உன்கிட்டதான் குடுத்தேன்."

"ஆமாக்கா."

"நானே போறேன்னு சொல்லவே இல்ல."

"இல்லக்கா. நீங்க சொல்லல."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து, புடவையிலிருந்த கீரைக் காம்புகளைத் தட்டிவிட்டார். "ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். பிறகு மருமகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் வந்து நின்றார்கள். "இப்ப என்கிட்ட சொன்ன இல்ல, அதை இவங்ககிட்டயும் சொல்லு" என்றார்.

சொன்னேன். முதல் தடவை சொன்னபோது அழுகை உதவியாக இருந்தது. இரண்டாவது தடவை கண் வறண்டுவிட்டது. பாதியில் அவர் கணவர், "பழைய கதை, இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று குறுக்கிட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க சும்மா இருங்க. அவ முழுசாச் சொல்லட்டும்" என்றார். முழுசாகச் சொன்னேன். அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தப் பெண் மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, நீ கெளம்பு" என்றார் அக்கா. அந்த வீட்டிலிருந்து காபி குடிக்காமல் நான் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. "நீ சொன்னது நல்லதுதான். சொல்லாமயே போயிருந்தா நான் பைத்தியக்காரியாவே செத்திருப்பேன்" என்றார். "ஆனா கொஞ்ச நாளைக்கு நீ வராத. உன்னைப் பார்த்தா எனக்கு என்னென்னவோ வருது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் முடிந்து மூன்றாவது நடக்கிறது. என் மகள் மட்டும் போய் வருகிறாள். பெரியம்மா நன்றாக இருக்கிறார், பேரனைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போய் வருகிறார், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தனுப்ப எடுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ டப்பாவைத் திரும்ப மேலே வைத்துவிட்டார் என்று சொன்னாள்.