மடித்த இலையின் கனம்

கல்யாணப் பந்தியில் பிடிக்காத பண்டத்தை இலைக்குள் ஒளிப்பதில் எனக்கு முப்பது வருட அனுபவம். அப்பளத்தை நொறுக்கி மேலே தூவி மறைப்பது ஆரம்ப நிலை. சோற்றை அணை கட்டி, கேசரியை அதற்கு அடியில் தள்ளுவது அடுத்த நிலை. கடைசியில் இலையை நம் பக்கமாக மடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. மடித்த இலையை எங்கள் ஊரில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எதிர்ப்பக்கம் மடிப்பது துக்கம் கேட்கப் போகும் துட்டி வீட்டில் மட்டும். நம் பக்கம் மடித்தால், திருப்தியாகச் சாப்பிட்டேன், மறுபடியும் வருவேன் என்று அர்த்தம். வாயைத் திறக்காமலே பொய் சொல்ல இதைவிட மரியாதையான வழி கிடையாது.

இந்த வித்தையைத்தான் மதுரையில் ஒரு கம்போடியச் சாப்பாட்டுக் கடையில் காட்டினேன்.

கடைக்காரர் வேடசந்தூர்க்காரர். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். மில் வேலையை விட்டுவிட்டுக் கம்போடியாவுக்குப் போய், துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தார். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு திரும்பி, மதுரையில் ஆறு மேஜை போட்டுக் கடை திறந்துவிட்டார். மனைவிதான் சமையல். "அண்ணே, நீங்க ஒரு நேரம் வந்து சாப்பிடணும்" என்று போனில் கூப்பிட்டார்.

"உலகத்துல எதை வச்சாலும் சாப்புடுற ஆளு நான்" என்று வீட்டில் சொன்னேன்.

"வெண்டைக்காய் கொஞ்சம் வழவழன்னு இருந்தாலே மூஞ்சி எட்டுக் கோணலாப் போகும். நீங்க உலகத்தைச் சாப்பிடப் போறீங்களாக்கும்" என்றாள் என் மனைவி.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் கை கூப்பி, "வாங்கண்ணே, வீட்ல எல்லாரும் சொகமா?" என்றார். வேடசந்தூர்த் தமிழ்தான், கொஞ்சம் மெதுவாக வந்தது. அவர் அடுப்படிக்குப் போனதும் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து குரலை இறக்கினார்.

"அண்ணே, எங்க ஆளுக ஒருத்தரும் இதுவரைக்கும் இவ கையால சாப்பிடல. அம்மா ரெண்டு தடவ வந்துச்சு. ரெண்டு தடவையும் வயிறு சரியில்லன்னு டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பிருச்சு. இவ வெளிய காட்டிக்கிறதில்ல. நம்ம பக்கத்துல இருந்து நீங்கதான் மொத ஆளு. நீங்க சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சா அம்மாவும் சாப்புடும்."

எனக்காகத் தலைவாழை இலை போட்டிருந்தார்கள். சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலைத் தொன்னை. அதற்குள் மஞ்சளாக, தளதளவென்று ஏதோ ஒன்று. மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டு, எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்து, புளிக்கவைத்த மீன் விழுதும் கொஞ்சம் கலந்து, ஆவியில் வேகவைத்ததாம். அந்தக் கடைசிச் சாமானின் வாசம் என் மூக்கைத் தொட்டது. நாக்கைக் கேட்காமலே மூக்கு தீர்ப்பெழுதிவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும். அது எனக்குப் பெருமை. அதே வாசம் வேறு பெயரில், வேறு ஊர்ப் பெண் கையிலிருந்து வந்ததும் நாற்றமாகிவிட்டது.

கணவர் போன் பேசக் கல்லாப் பக்கம் போன நேரம் பார்த்து வேலையை முடித்தேன். தொன்னையை அப்படியே சாய்த்துச் சோற்றுக்கு அடியில் புதைத்தேன். ஒரு துணுக்கு மீனைக்கூட வாயில் வைக்கவில்லை. இலையை என் பக்கமாக மடித்து, தண்ணீர் குடித்து, ஏப்பம்கூட விட்டேன். முப்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா?

கணவர் திரும்பி வந்து இலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டார். "எம்மா, நம்ம திண்டுக்கல் அண்ணன் சாப்பிட்டாரும்மா. நீயே கேளு" என்று என் காதில் வைத்துவிட்டார்.

"நெசமாவே சாப்புட்டீகளா?" அந்தம்மா குரல் கடை முழுக்கக் கேட்டது.

"வயிறு முட்டச் சாப்பிட்டேம்மா."

"மீனு நாறலையா?"

"சேச்சே."

"அப்பச் சரி. ஞாயித்துக்கெழம நானும் வாரேன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் அப்போதுதான் இலையை எடுக்க வந்திருந்தார். மாமியார் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டே ஒரு கையால் இலையைத் தூக்கினார். கை தாழ்ந்தது. சாப்பிட்ட இலை அவ்வளவு கனக்காது. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மறு கையையும் கொடுத்துத் தாங்கி உள்ளே எடுத்துப் போய்விட்டார். கணவர் கவனிக்கவில்லை. தேங்காய் வாங்கி வருவதாகச் சொல்லி, சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கை கழுவும் தொட்டி அடுப்படி வாசலில் இருந்தது. எட்டிப் பார்த்திருக்க வேண்டாம். பார்த்தேன். என் இலையை மேடையில் பிரித்து வைத்து, சோற்றை ஒதுக்கி, நான் புதைத்த மீனை ஸ்பூனால் எடுத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே தப்பு என்று தேடுகிற முகம்.

என்னைப் பார்த்ததும் கேட்டார்: "உப்புக் கூடிப்போச்சாண்ணே? எதுன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கெழம அத்த வாராங்கல்ல, மாத்திருறேன்." கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார். கையில் பென்சில் வேறு.

"காரம் பத்தலம்மா" என்றேன்.

"எம்புட்டு?"

"ரெண்டு மொளகா சேர்த்துக்கலாம்."

காலண்டர்த் தாளின் பின்பக்கம், தன் ஊர் எழுத்தில், அதைக் குறித்துக்கொண்டார். நான் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நழுவினேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. உட்கார்ந்தபின் அந்த ரெண்டு மிளகாய் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா ஒரு வாய் வைத்து, கண்ணில் தண்ணீர் வந்து, தட்டைத் தள்ளுவார். மூன்றாவது தடவை. அதற்குப் பிறகு வர மாட்டார். வாயில் வைக்காத மீனுக்கு வைத்தியம் சொன்னவன் நான். எழுந்தேன்.

"ஏறுறீங்களா, எறங்குறீங்களா சார்?" என்றார் கண்டக்டர்.

இறங்கினேன்.

கடையில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தார். "நான் சாப்பிடலம்மா. காரம்னு சொன்னது பொய்" என்றேன். இரண்டே வாக்கியம்தான். மதுரை வெயிலில் நடந்து வந்ததைவிட அதற்குத்தான் அதிகம் வேர்த்தது.

"தெரியும். கனமா இருந்துச்சு" என்றார். "உக்காருங்க. இன்னொண்ணு வைக்கிறேன்."

புது இலை போட்டு வைத்தார். எதிரில் நின்றுகொண்டார். முதல் வாயை மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது வாயில் மூச்சை விட்டேன். மீன் வெண்ணெய் மாதிரி இருந்தது. அந்த வாசம் என் வீட்டு நெத்திலிக்குச் சொந்தக்கார வாசம்தான். மூன்றாவது வாயில்தான் உண்மையான குறை பிடிபட்டது.

"காரம் போதும். இனிப்புத்தான் கூடிப்போச்சு. மீனுல பனவெல்லம் தெரிஞ்சா எங்க பக்கத்து ஆளுக பாயசத்துல மீன் விழுந்துருச்சும்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. மிளகாய் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். நான் கையை எடுக்கப் பார்த்தேன்.

"முழுசும்" என்றார்.

முழுசும் சாப்பிட்டேன். கடைசியில் கை பழக்கத்தில் இலையின் மேல் ஓரத்துக்குப் போனது. அவர் விரலை நீட்டி அந்த ஓரத்தை அழுத்திக்கொண்டார்.

"மடிக்காதீங்கண்ணே" என்றார்.