மாமாவின் லீவு

மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு நான் ஆயத்தமான ஏழாம் வகுப்புக் காலத்தில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடமே என் மேடை. நேரம் முடிந்ததும் எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டும் மாமாவே என் மணி.

அம்மாவின் தம்பியான அவர், சென்னைக்கு அருகே வெளிநாட்டுப் பெயர் கொண்ட கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்துபவர். விற்பனை குறைந்ததால் ஒரு ஷிப்டை நிறுத்தி, போன் செய்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டிருந்தார்கள். வீட்டில் அதற்கு 'லீவு' என்று பெயர். என் பேச்சைக் கேட்கவே லீவு போட்டார் என்பது என் முடிவு.

அப்பா முதன்முதலாகக் கார் வாங்கவிருந்தார். எனக்கு வாய்த்த தலைப்போ, 'உள்நாட்டுப் பொருளே உழைப்பவர் வாழ்வு'. சுதேசிக் கப்பலைக் கனவு கண்டவர் பிறந்த ஓட்டப்பிடாரம் கூப்பிடு தூரத்தில் இருக்க, நான் சும்மா இருப்பேனா?

"அவையோரே! அந்நியப் பெயர் தாங்கிய வண்டியை வாங்குகிறவர், நம் மண்ணில் ஓர் அடுப்பை அணைக்கிறார்!"

ஐந்து நிமிடம் கடந்தும் தம்ளர் ஒலிக்கவில்லை. கரண்டி மாமாவின் கையிலேயே நின்றது. என் நாவன்மை காலத்தையே கட்டிவிட்டதாகப் பூரித்தேன்.

"ஏட்டி, நல்லாத்தான் பேசுத" என்ற மாமா, அப்பாவிடம் திரும்பினார். "அத்தான், எனக்காவ ஒண்ணும் எங்க கம்பெனி வண்டிய வாங்காதிய."

"சும்மா கெட மாப்ள. நம்ம வண்டியத்தான் வாங்குதேன்."

நம்ம வண்டி! வென்றேன் என்று குதித்தேன்.

மறுவாரம் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கியபடி வந்து நின்றதோ, மாமாவின் தொழிற்சாலை வண்டி.

"நம்ம வண்டின்னு சொன்னியளேப்பா!"

"ஒம் மாமா மாட்டுன கதவு பெறகு யாரு கதவாம்?"

மாமா கதவைத் திறந்து மூடினார். மூடும் ஓசைக்குக் காது கொடுத்து மீண்டும் திறந்தார். நான் ஏறமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தேன். கடம்பூருக்குப் போளி வாங்கப் போகிறோம் என்றதும் அதைக் கைவிட்டேன்.

அதே வரியைச் சொல்லி முதல் பரிசும் வாங்கினேன். கோப்பையோடு வீடு திரும்பியபோது, மாமா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். போன் வந்துவிட்டதாம்.

"லீவு முடிஞ்சிட்டா மாமா?" என்று பையைப் பிடித்து இழுத்தேன்.

"முடிஞ்சிட்டுட்டி!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

லீவு முடிந்ததற்கு இத்தனை மகிழும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. மாமாவுக்குப் பாவம், ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.