கண்ணில் பட்ட பலாப்பால்

பலாப்பழம் அறுக்கும்போது எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டோம். லாரியில் ஏற்றியதுபோக அடிபட்ட பழம் ஒன்று மிஞ்சியிருந்தது. மாமியார் அதை வாசலில் போட்டுப் பிளந்தார். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வயது மகள் காம்பில் வடிந்த பாலை இரண்டு கைகளாலும் தொட்டு விளையாடியிருக்கிறாள். முகத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது. அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டாள்.

மாமியார் கத்தியதைக் கேட்டு ஓடி வந்தேன். வலது கண் மூடி ஒட்டியிருந்தது. இமைமுடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவே வெள்ளையாக ஒரு கோடு. அவள் அழவில்லை. மற்றொரு கண்ணால் என்னைப் பார்த்து, "அம்மா, தொறக்கல" என்றாள்.

பலாப்பால் தண்ணீரில் போகாது. கையிலோ கத்தியிலோ பட்டால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்போம். கை செய்து பழகிய வேலை அது. நான் தேங்காயெண்ணெய் எடுக்கத் திரும்புவதற்குள், கத்தி துடைக்கும் அந்த மண்ணெண்ணெய்த் துணியாலேயே மாமியார் பிள்ளையின் இமையைத் துடைத்துவிட்டார். அப்போதுதான் அவள் அலறினாள்.

"ஐயோ சாமி, எரியுதா கண்ணு? கீழ ஊட்டுப் புள்ள இப்பத்தான பெத்திருக்கா. தாய்ப்பால் ரெண்டு சொட்டு வாங்கியாரட்டா அம்மிணி?"

"ஒண்ணும் வேண்டாங்க அத்தை. தண்ணி கொண்டாங்க."

குடம் காலியாகும்வரை ஊற்றினேன். நெடி குறைந்தது. இமை பிரியவில்லை.

கணவர் மிளகு மூட்டையோடு மலையிறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். போனில் சிக்னல் கிடைக்கவில்லை. மாமியாரும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். முன் சீட்டில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"பலாப்பாலா? எங்க ஆட்டுக்குட்டிக்கு இப்படித்தான் ஒட்டுச்சு. அப்பறம் கண்ணே போயிருச்சுங்க."

"வாயக் கழுவுடி. புள்ளையும் ஆடும் ஒண்ணா உனக்கு?" என்றார் மாமியார். அதன்பிறகு பஸ்ஸில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையின் தலை என் தோளில் மோதியது. ஆட்டுக்குட்டியின் கண் என் மனதைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குனிந்து பார்த்தார். சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர். மூக்கைச் சுருக்கினார்.

"மண்ணெண்ணெய் வாடை அடிக்குது. யாரு வச்சது?"

மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றார். நர்ஸின் பார்வை அவர்மேல் போனது. "இந்த மலைக்காரங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும்…"

"நாந்தாங்க தொடச்சேன்" என்றேன்.

"நீயா? என்ன படிச்சிருக்க?"

என் அப்பா வீட்டிலும் அம்மா வீட்டிலும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்வேன். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன்.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க."

"கெமிஸ்ட்ரி படிச்சிட்டா புள்ள கண்ணுல மண்ணெண்ணெய் வச்ச?"

பிள்ளையைத் தோள் மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் வந்தார். களிம்பு தடவிப் பிசினை இளக்க வேண்டும், முடியை வெட்ட வேண்டும், பிறகு கண்ணைக் கழுவ வேண்டும் என்றார். "கருவிழியில ஆழமாப் பட்டிருந்தா இங்க பார்க்க முடியாதும்மா. நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போகணும். தலை அசையக் கூடாது, பிடிச்சுக்குங்க."

மேசையில் கிடத்திய மகளின் தலையை நர்ஸ் பிடித்தார். நான் அவள் கால்கள்மேல் குறுக்கே படுத்து, இரண்டு கைகளையும் மேசையோடு அழுத்திப் பிடித்தேன். கத்தரி இமையருகே போனபோது அவள் திமிறினாள். இன்னும் இறுக்கினேன். பாட்டிலில் இருந்து மருந்துத் தண்ணீர் நிற்காமல் கண்ணில் ஓடியது. "அம்மா உடு, அம்மா உடு" என்று கத்தினாள். தொண்டை கட்டியதும், "அப்பத்தா, அம்மாவ அடி" என்றாள்.

இமை பிரிந்தது. உள்ளே எல்லாம் ரத்தச் சிவப்பு. டாக்டர் டார்ச்சை இடமும் வலமுமாக நகர்த்தினார். அந்தக் கண் வெளிச்சத்தின் பின்னாலேயே போனது.

"பார்வைக்கு ஒண்ணும் இல்ல. மேலாக ஒரு சிராய்ப்பு, மருந்து போட்டா ஆறிடும். நாளைக்கு மறுபடி காட்டுங்க."

பிடியை விட்டேன். அவள் திறந்த கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சுவரோரம் நின்ற மாமியாரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமியார் கேட்டார்: "எனக்காக நீ எதுக்கு அம்மிணி அந்தப் பேச்சு வாங்குன?"

"உங்களுக்காக இல்லீங்க அத்தை. மலைக்காரங்கன்னு சொன்னாங்கல்ல, அதுக்காக."

மகள் மாமியாரின் தோளில் தூங்கிவிட்டாள். அவள் மணிக்கட்டுகளில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. மெல்லத் தடவப் போனேன். தூக்கத்திலேயே கையை இழுத்துக்கொண்டாள்.