மேம் நிமேசியா நடத்தாத இரண்டாவது சுற்று

மேம் நிமேசியா கூரைக்குள் குடை விரிப்பவர். சனிக்கிழமைச் சந்தையில் தக்காளி, அரிசி, சோப்பு எல்லாம் வாங்கும்வரை குடை அவர் கக்கத்தில் மடங்கியே இருக்கும். கருவாட்டு வரிசை வந்ததும், தகரக் கூரைக்கு அடியிலேயே, விரிந்து இடது தோளில் சாயும். நாலாவது கடையைத் தாண்டியதும் மடங்கிவிடும்.

"மேமுக்கு மட்டும் உள்ளேயே மழை பெய்யுது பாரு" என்று மீன்காரிகள் சிரிப்பார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து போன வருடம்வரை இதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலாவது கடை இசிட்ரோவின் அம்மாவுடையது, பிறகு அவனுடையது. அவனும் நானும் ஆறாம் வகுப்பில் மேமிடம் ஒன்றாகப் படித்தோம்.

சாமார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு ஆய்வகம் கிடையாது. மேம் நிமேசியாவின் சமையலறைச் சாமான்கள்தான் ஆய்வகம். இயற்கைத் தேர்வுப் பாடத்துக்கு, ஒரு வியாழக்கிழமை, வீட்டிலிருந்து எதையாவது பிடித்து எடுக்கிற சாமான் ஒன்று கொண்டுவரச் சொன்னார். "வீட்ல என்ன இருக்கோ அதான் உங்க அலகு. மாத்திக்கக் கூடாது. எந்தக் குருவியாவது அலகை மாத்திக்குமா?"

என் அப்பா டிரைசிக்கிள் பழுது பார்ப்பவர். நான் குறடு கொண்டுபோனேன். மற்றவர்கள் துணிக் கிளிப்பும் கரண்டியும் கொண்டுவந்தார்கள். இசிட்ரோ கொண்டுவந்தது அவன் அம்மாவுக்கு நரைமுடி பிடுங்கிவிடும் சாமணம்.

முறத்தில் பலாக்கொட்டைகள். ஒரு நிமிடம். ஐந்துக்குக் குறைவாக எடுத்தால் அந்தப் பறவை பட்டினியால் செத்தது. விசில் ஊதியதும் நான் பதினேழு எடுத்தேன். இசிட்ரோவின் சாமணத்தில் கொட்டை வழுக்கி வழுக்கி விழுந்தது. விசில் நின்ற பிறகும் அவன் குனிந்து ஒன்றைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டுதானா? செத்துப்போச்சு. சுவரோரம் போய் உட்காரு" என்றார் மேம்.

வகுப்பில் செத்தது அவன் ஒருவன்தான். நான் எழுந்து சிலுவை போட்டு, செத்தவர்களுக்கான ஜெபத்தை மூக்கால் இழுத்தேன். "மினாத்தாய்க்கு நித்திய இளைப்பாறுதல்!" மினாத்தாய் என்றால் எங்கள் பேச்சில் பிணம். வகுப்பே சிரித்தது. மேமும் சிரித்தார். அதை நான் பார்த்தேன்.

பிறகு அவர் ஒரு மூங்கில் தட்டியைக் காட்டினார். அதன் இடுக்குகளில் பாசிப்பயறு சிக்கியிருந்தது. "நாளைக்கு ரெண்டாவது சுற்று. மழை பொய்ச்சிடுச்சு, பெரிய கொட்டை கிடையாது. இதான் சாப்பாடு. சாமணத்தை என்கிட்டயே குடுத்துட்டுப் போடா இசிட்ரோ, நாளைக்கு நீதான் ராஜா. இந்தக் குறட்டுக்காரி என்ன பண்றான்னு பார்ப்போம்."

அந்த நாளை வரவில்லை. இரவோடு புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறி, எங்கள் வகுப்பறையில் பதினொரு குடும்பங்கள் தங்கின. வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் பாசிப்பயறுக் கஞ்சி வைக்கும் நாள். மேம் வைத்திருந்த பயறு கஞ்சியானது. மூங்கில் தட்டி அடுப்பில் எரிந்தது. பள்ளி திறந்தபோது பரீட்சை வந்திருந்தது.

இசிட்ரோ மினாத்தாய் ஆனான். எங்கள் ஊரில் ஒட்டிய பட்டப்பெயர் உரியாது. தேர்தல் சுவரொட்டியில்கூட அதைத்தான் போடுவார்கள். இசிட்ரோவுக்குப் பதினாறு வயதில் அப்பா படுத்துவிட, அவன் படகுக்குப் போக வேண்டியிருந்தது. ஒருவரும் ஏற்றவில்லை. மேம் நிமேசியா படகுக்காரர் பொன்சோவிடம் பேசப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"பையன் நல்ல பையன்தான் மேம்" என்றார் பொன்சோ. "ஆனா நடுக்கடல்ல 'பிணமே, வலையைப் பிடி'ன்னு நான் கத்தணுமா? கடலுக்குக் காது உண்டு."

"இசிட்ரோன்னு கூப்பிடுங்களேன்."

"ஊரு கூப்பிடுற பேரு என் நாக்குல மட்டும் மாறுமா? யாரு வெச்ச பேரோ, அவங்களையே எடுக்கச் சொல்லுங்க."

மேம் என்னைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் அவர் குடை விரிந்தே இருந்தது. இசிட்ரோ பள்ளியை விட்டு அம்மாவின் கடையில் உட்கார்ந்தான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி போனவள் நான். உயிரியல் படித்தேன். வலுவான அலகு என்று ஒன்று கிடையாது, அந்தப் பருவத்துக் கொட்டைக்கு ஏற்ற அலகுதான் உண்டு என்று அங்கே புரிந்தது. ஆறாம் வகுப்பில் நாங்கள் கற்றது பாதிப் பாடம்: வழுக்கினால் சாவு. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் பட்டம்வரை ஏறிவிட்டேன். என் பதினேழில் எத்தனை என்னுடையது, எத்தனை அப்பாவின் குறட்டினுடையது? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை விடுமுறையில் மேமிடம் கேட்டேவிட்டேன். "புயலுக்கு அப்புறம் ஏன் நடத்தலை மேம்?"

"பரீட்சை. அப்புறம் அடுத்த பாடம். அடுத்த வருஷத்துலேர்ந்து ரெண்டு சுற்றையும் ஒரே நாள்ல முடிச்சுடுவேன். உங்க வகுப்புக்குத்தான் விட்டுப்போச்சு."

"அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு? நீ சாகலைடான்னா?" காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "நானும் சிரிச்சேன் லினெத். நீ சின்னப் பிள்ளை. எனக்கு அப்போ நாற்பத்தெட்டு வயசு."

போன ஜூனில் மேம் இறந்தார். அவர் தங்கை என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே துருப்பிடித்த சாமணம். கைப்பிடியில் நூலால் கட்டிய சீட்டில் மேமின் கையெழுத்து: இசிட்ரோ, ஆறாம் வகுப்பு.

சனிக்கிழமை அதை நாலாவது கடைக்குக் கொண்டுபோனேன். அவன் சீட்டைப் படித்தான். சாமணத்தை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தான்.

"அம்மா இதைத் தேடாத இடமில்லை. இப்ப அவங்க தலை பூரா வெள்ளை. எதைப் பிடுங்குறது?" சிரித்துவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினான். "மேம் எனக்குத் தர வேண்டியது இது இல்ல, லினெத்."

"தெரியும்."

"நான் ராஜான்னு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி புயல்ல எல்லாரும் அழுறாங்க, நான் மட்டும் எப்படா விடியும்னு கிடந்தேன்."

அந்தப் பேரைப் பற்றிச் சொல்ல வந்ததை நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் என் தோளுக்கு மேல் கையை நீட்டினாள். "மினாத்தாய், அந்தச் சின்னக் கருவாடு ஒரு கூறு போடு."

"இதோ அக்கா" என்றான் இசிட்ரோ.