சரிங்க சார் சொன்ன இதயங்கள்

இந்த ஜெர்மன் ஊரில் என் ஆய்வுக்கூடத்து மாணவி லேனா, ஆப்பிளைக் கடித்துக்கொண்டே என் வரைபடத்தைப் பார்த்து, "இது தப்பு" என்பாள். முன்னுரை கிடையாது, மென்று முடிக்கும்வரைகூடப் பொறுப்பது கிடையாது. இதயத் தசையை எப்படி ஆராய்வது என்று இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. 'இன்று குளிர்' என்று சொன்னாலும் எத்தனை டிகிரி என்று கேட்பவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டி, மாலையில் பிழிந்துபோட்ட துணியாக வீட்டுக்குப் போகிறேன். ஒருமுறை அலுத்துப்போய், "எங்கள் ஊரில் வாத்தியாரிடம் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்" என்றேன். லேனா உண்மையாகவே இரக்கப்பட்டாள். "அப்படியானால் உங்கள் தவறை யார்தான் சொன்னார்கள்? பாவம்."

அதனால் போன கோடையில் மதுரை பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி, ஆராய்ச்சி மாணவர்கள் நால்வருக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டதும், காதுக்கு ஓய்வு கிடைக்கும் என்று ஓடினேன். நால்வரில் ஒருவரை இங்கே அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அங்கே எதற்கும் "சரிங்க சார்"தான். சொர்க்கம். பிறகு கோழிக்கருவின் இதயத்துக்கு வந்தோம். முட்டையைத் திறந்து, கடுகளவு இதயத்தின் துடிப்பை நுண்ணோக்கியில் எண்ணவேண்டும். மருந்துச் சொட்டு விடும் முன்பே, "இப்ப வேகம் குறையும் பாருங்க" என்று வாய்க் கொழுப்பில் சொல்லிவிட்டேன். நால்வருக்கும் குறைந்தது. எட்டிப் பார்த்த எனக்கும் குறைந்த மாதிரித்தான் இருந்தது. பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்தால் மருந்துக் குப்பி மூடி திறக்காமலே கிடக்கிறது. பயண அசதியில் வெறும் உப்புநீரைக் கொடுத்திருக்கிறேன்.

"பாண்டி, உள்ளதச் சொல்லு. உனக்கு எம்புட்டுக் குறைஞ்சுச்சு?"

"நீங்க எம்புட்டு நெனச்சீங்களோ அம்புட்டு, சார்."

பக்கத்தில் இருந்தவன் அவனைக் கிள்ளினான். "மாப்ள, வாய மூடுடா. ஜெர்மனி போயிரும்."

மலர்விழி மட்டும் தரையைப் பார்த்தபடி, "எனக்குக் குறையவே இல்ல சார். எனக்குத்தேன் எண்ணத் தெரியலைன்னு நெனச்சு, குறைச்சு எழுதிட்டேன்" என்றாள்.

சிரித்துவிட்டேன். உள்ளே பயம். இந்த உப்புநீரை மருந்தென்று நம்பிக்கொண்டு ஒரு நாள் நோயாளி வரைக்கும் போய்விடுவோம். அவளையே தேர்ந்தெடுத்தேன். கண்ணில் பட்டதை என் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்பது ஒரே நிபந்தனை. "சரிங்க சார்" என்றாள். நம்பிக்கை வரவில்லை.

இங்கே வந்தும் பல மாதம் அவள் எதையும் மறுக்கவில்லை. இப்படியே போனால் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று சக பேராசிரியர் சொல்லிவிட்டார். நேற்றுக் கூட்டத்தில் என் கணக்கைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். மலர்விழி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். தலையைக் குனிந்து, திருத்தமான ஜெர்மனில், "இது தப்பு" என்றாள். கடைசியில் ஒட்டிய 'சார்' மட்டும் மதுரையிலிருந்து வந்தது.

தப்புதான். லேனா அவளுக்கு உடம்புக்கு ஏதோ என்று பதறித் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் ஏன் நிற்கிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். "உட்காரும்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பி, ஜெர்மனில் என் தவறை விளக்கத் தொடங்கினேன்.